தேசிக்காய்களுக்கு முன்னால் நிற்கும் கார்

என் செல்ல அண்ணாவுக்கு,

உன் ஆண்டுத்திவச மலரில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே நாலு வரி போதும் என்றார் அப்பா. வாய் திறக்காதவளுக்கு நாலு வரியே அதிகம் என்று நினைத்திருப்பார். எழுதத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் உன் காரைப் பற்றித்தான் கேட்பாய். கராஜில் அதே இடத்தில், மூக்கைச் சுவரோடு வைத்துக்கொண்டு நிற்கிறது. பற்றரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். தூசி தட்டுவது அம்மா. வெள்ளிக்கிழமைகளில் பொனற்றுக்கு விபூதி பூசுகிறார். பெற்றோல் இருக்கிற இடத்தில் விளக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டார்.

தேசிக்காய்களும் அப்படியே இருக்கின்றன. திருத்தி எடுத்த எஞ்சினைப் பூட்டிய அன்று, கோயிலில் புதுக் காருக்குச் செய்வது போல அம்மா நான்கு சில்லுக்கும் பின்னால் ஒவ்வொன்றாக வைத்தாரே, அவைதான். கார் ஏறி நசுக்க வேண்டும் என்று கைகூப்பிக் காத்துக்கொண்டு நின்றார். உள்ளே கியர் பெட்டியே இல்லை என்று நீ சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை. "எஞ்சின் உறுமுது, பிறகென்ன?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அப்படியென்றால் கியர் பெட்டி வந்தபிறகு ஏறட்டும், அதுவரை ஒருவரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த கிழமை உன்னை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேசிக்காய்கள் இப்போது கறுத்து, கல்லுப் போல இருக்கின்றன.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் அண்ணா தானாக மாறும் ஓட்டோ கியரை மதித்தவனே இல்லை. அது பள்ளிக்கூட வாசலில் பிள்ளை இறக்கும் அன்ரிமாருக்கு என்பான். இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் அவனுடைய இடது பாதம் மரத்துப்போனது. கிளச்சை மிதித்தால் மிதித்தது தெரியாது. அதற்குப் பிறகுதான் பழைய கியர் பெட்டியைக் கழற்றினான். அன்று முதல் ஓட்டோதான் வேகம், கையாலும் காலாலும் அதோடு போட்டிபோட முடியாது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தான். பாதத்தைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, இன்று வரை.

நீ எதைத் தெரிவு செய்தாய் என்பது எனக்குத்தான் தெரியும், அண்ணா. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உனக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியது நான்தானே. அதற்காகத்தானே பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன்; பகலில் உன்னோடு இருக்க வேறு ஆள் இல்லை. மூன்று கியர் உள்ள பெட்டி. அதற்கு முன்னால், எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் ஹை ஸ்டால் கன்வெர்ட்டர்: எஞ்சின் மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு ஏறினால்தான் முழுதாகப் பிடிக்கும், பிடித்தால் கார் பாயும். கால் மைல் ஓட்டத் திடலில் ஒரே ஒரு முறை. பச்சை விளக்கு எரிந்ததும் முதுகு சீற்றோடு ஒட்டவேண்டும் என்றாய். அவ்வளவுதான் நீ கேட்டது.

நீ போனபிறகு, உன்னை எப்போதும் தம்பி என்றே கூப்பிடும் அப்பா, அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். தம்பி கேட்ட கியர் பெட்டியையே பூட்டுவோம், ஒரு முறை கோயிலுக்குக் கொண்டுபோய் வருவோம், பிறகு துணி போட்டு மூடி வைப்போம் என்று. உன் ஆசை முழுவதும் தெரிந்தவள் நான் என்பதால் பொறுப்பும் என்னிடம் வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. நான் எதைத்தான் மறுத்திருக்கிறேன்?

என் நாட்கள் எப்படிப் போகின்றன தெரியுமா? காலையில் அப்பா பலசரக்குக் கடையில் இறக்கிவிடுவார். பருப்பும் மாவும் அடுக்குவேன். பின்னேரம் அப்பாவே வந்து ஏற்றுவார். இடையில் அம்மா எனக்குப் போன் எடுப்பார். நான் பதில் தரப் பிந்தினால் கடை முதலாளிக்கு எடுப்பார். என்னோடு படித்தவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கடைக்கு வந்தால் நான் குளிர் அறைக்குள் போய்விடுவேன். இங்கிருந்து நாள் முழுக்க ஓடவேண்டிய மெல்பேர்னில், டண்டினொங்கில் இருக்கும் சின்னம்மா ஒரு அறை தருகிறேன் என்கிறார். அங்கே உதிரிப்பாகக் கடையில் வேலை, மாலையில் மெக்கானிக் படிப்பு. அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அண்ணான்ர காரை விட்டுட்டு எங்க போகப்போறாய்?" பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு எக்ஸலரேற்றரை மிதித்தால் கார் நடுங்குமே தவிர அசையாதே, அப்படித்தான் நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

கியர் பெட்டிக் கடை செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. பலசரக்குக் கடையிலிருந்து மதிய இடைவேளையில் நடந்து போய்விடலாம். முதலாளி மதுரைக்காரர், முருகேஷ் அங்கிள். காரை இழுத்துக்கொண்டு வரச்சொன்னார். முடியாது என்றேன். ஏனென்றால் அம்மா மறித்துவிட்டார்: "இழுத்துக்கொண்டு போறது சவத்தைத்தான். அது தானா ஏறவேணும்." தேசிக்காய்க் கதையைச் சொன்னதும் அங்கிள் தலையைச் சொறிந்தார். எலுமிச்சம்பழத்துக்காக ஒரு பட்டறையே வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்றார். ஆனால் வருவதாகச் சொன்னார்.

பிறகு எல்லாம் கேட்டார். காரின் எடை, கேம், பின் சில்லின் உயரம், பின் அச்சின் டிஃப் விகிதம். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. கடைசிக் கேள்வியில்தான் மாட்டினேன்.

"வண்டி எதுக்கும்மா? ரேஸுக்கா, ரோட்டுக்கா?"

"அண்ணா மூண்டு கியர் எண்டுதான் சொன்னவர்."

"அவரு சொன்னது சரி. கால் மைலுக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது. ஓட்டப்போறது யாரு?"

என் எல் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்து, டண்டினொங் வரை என்றேன். ஒரு துண்டுக் கடதாசியில் கோடு கீறிக் காட்டினார். நான் ஓட்டப் பழகும் எல் பலகைக்காரி, மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் போகமுடியாது. உன் டிஃப்புக்கு, அந்த வேகத்தில் எஞ்சின் மூவாயிரத்தைக்கூட எட்டாது. நீ கேட்ட கன்வெர்ட்டர் அங்கே பிடிக்காது. எண்ணெய் சும்மா சுழன்று சுழன்று காயும். மெல்பேர்னுக்குப் போகும் தெருவில் அரைவாசி போகும் முன்பே பெட்டி கருகிவிடும். நெடுந்தூரத்துக்கென்று ஒரு கியர் கூடுதலாக உள்ள நாலு கியர் ஓவர்டிரைவ் பெட்டி என்றால் வேறு. குறைந்த சுற்றிலேயே பிடிக்கும் கன்வெர்ட்டர், கடைசி கியரில் நழுவாமல் பூட்டிக்கொள்ளும், எஞ்சின் மூச்சு வாங்காமல் நாள் முழுக்க ஓடும். உள்ளே கிளச்சுத் தட்டுகளைப் பலப்படுத்தினால் உன் எஞ்சினையும் தாங்கும். பாய்ச்சல் குறையும். அதை அவர் மறைக்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓட்டுநர் பரீட்சையில் தேறிப் பி பலகை கிடைத்துவிட்டால், சட்டப்படி இவ்வளவு பலமான காரைச் சில வருடங்களுக்கு நான் தொடமுடியாது. எல் பலகையோடு, அப்பா பக்கத்தில் இருந்தால், இப்போது ஓட்டலாம். இப்போது இல்லையென்றால் துணிதான்.

அண்ணா, உன் பெட்டியைப் பூட்டினால் அது உன் கார். ஆனால் அதை ஓட்ட நீ இல்லை. அது கோயிலாகிவிடும், நான் அதற்குப் பூசாரியாகிவிடுவேன். இதை நினைத்ததற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கோபிப்பாயா? உன்னைக் கேட்காமல் நான் ஒரு ஸ்பானரைக்கூட எடுத்ததில்லையே.

நாலு கியருக்குச் சொல்லிவிட்டேன். அன்று பின்னேரம் அம்மா கராஜில், வழக்கம் போல முன் இடப்பக்கச் சீற்றில் இருந்தார். நீ அவரை வேலைக்கு ஏற்றிப் போன காலத்தில் அவர் இருந்த இடம். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பெட்டிக்குச் சொல்லியாயிற்று என்றேன்.

"தம்பி கேட்டதுதானே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவே போவதில்லை.

"இல்லை அம்மா. அண்ணா கேட்டது வேற. இது நான் கேட்டது. தூர ஓடுறதுக்கு."

அம்மா முன்கண்ணாடியைப் பார்த்தார். அதற்கு அப்பால் சுவர் மட்டும்தான். கத்துவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். "தூரமெண்டா?" என்றார். டண்டினொங் என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"முன்னுக்கு அப்பா இருந்தா, நான் பின்னுக்கு இருக்கலாமோ?"

சிரிக்காதே. தப்பிப் போக நினைத்த வீட்டையே ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன் போலிருக்கிறது. ஆனால் நீ போனபிறகு அம்மா கடைக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போகக் கேட்டது இதுவே முதல் தடவை. எப்படி மாட்டேன் என்பேன்?

அவரிடம் நேரே சொல்ல முடியாத ஒன்றை இந்தப் பக்கத்தில் உனக்குச் சொல்கிறேன். மலர் அச்சாகி வந்ததும் அவர் முதலில் வாசிப்பது இதைத்தான். போகும்போது மூன்று பேர். திரும்பும்போது இரண்டு பேர். அப்பா சுகமாகத் திரும்பி ஓட்டவும்தான் அந்த நாலாவது கியர்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பெட்டி பூட்டிய அன்று ரிவேர்ஸில் போட்டு, பிரேக்கை மெல்ல மெல்ல விடுவேன், ஒன்று தப்பாமல் நாலும் நசுங்கும் சத்தம் உனக்குக் கேட்கும்படி. அதற்குப் பிறகு அந்தக் கார் சுவரைப் பார்த்து நிற்காது. நானும்தான்.

உன் இடது பாதத்தின் இரகசியத்தை இவ்வளவு நாள் காத்த,
உன் தங்கச்சி துளசி