முதுகு மூடாத குஞ்சுகள்

பல்பைப் போட்டதும் குஞ்சுப் பெட்டியிலிருந்து உன் கடை வாசம் எழுந்தது. எத்தனையோ வருஷமாகப் பலகையில் ஊறிப்போன ரொட்டி எண்ணெய், சூடு பட்டால் இன்னும் மணக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்குமே, உன் கடையில் அடுப்புச் சுவரை ஒட்டி இருந்த பக்கம், அதைத் தேய்த்துக் கழுவிவிடலாம் என்று என் மகள் சொன்னாள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னாள்.

உள்ளே கத்திக்கொண்டிருப்பவை உன் குஞ்சுகள். உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரத்தில் முசாங் மரநாய் ஒன்று என் வீட்டுக் கூட்டுக்குள் புகுந்து பெரிய கோழிகளை எல்லாம் முடித்துவிட்டுப் போனது. பொரிக்கும் மெஷினில் முன்பே எடுத்து வைத்திருந்த முட்டைகள் மட்டும் தப்பின. கம்பி வலையை இப்போது இரட்டையாகப் போட்டிருக்கிறேன். ஆனாலும் பயம் விடவில்லை. இவையும் போய்விட்டால் நீ வளர்த்த கோழி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்க்கலாம் என்று கிளம்பியபோது நம் ஊர் கரங்கானில் சிரிக்காத ஆள் இல்லை. உன் ரொட்டிக் கடைக்குப் பின்னால் வெறும் சிமெண்ட் சந்து. என் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்து வேலி வரைக்கும் மண். அதனால் குஞ்சு உன் பொறுப்பு, வளர்ந்த கோழி என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் வேனில் ஏற்றுவோம். கறுத்த பக்கம் எப்போதும் உனக்கு. என் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் கறை படக்கூடாது என்று கேலி செய்வாய்.

குஞ்சுகளைப் பெட்டியிலிருந்து கூட்டுக்கு எப்போது மாற்றுவது என்பதில்தான் ஒவ்வொரு தடவையும் நமக்குச் சண்டை. நான் அவசரக்காரி. கூடு காலியாகக் கிடந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

"அனுப்பு லா. உள்ளயே வெச்சிருந்தா ஒண்ண ஒண்ணு கொத்திக்கும்."

"இன்னும் இல்ல, புள்ள."

"போன தடவ இந்நேரம் கூட்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க."

"வயசப் பாக்காத. முதுகப் பாரு."

மாவு ஒட்டிய விரலால் ஒரு குஞ்சைத் தூக்கி, முதுகில் ஊதி, பஞ்சுக்கு நடுவே தோல் தெரிகிறதா என்று பார்ப்பாய். தெரிந்தால் பேச்சே கிடையாது. எனக்கு ஒரு தே தாரேக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாய். அந்த இனிப்புத் தேநீரைக் குடித்துக்கொண்டே உன்னை எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பேன்.

முதல் தடவை நீ அப்படி இல்லை. அன்றைக்கு என்னைவிட நீதான் துடித்தாய். சுபுஹு தொழப் போகும்போது பல்பை அணைத்தாய். விடியலுக்கு முன்னால்தானே குளிர் அதிகம், அதைத் தாங்கினால் எதையும் தாங்கும் என்பது உன் கணக்கு. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் குஞ்சுகள் பெட்டி முழுக்கக் காலை நீட்டிப் பரவிப் படுத்திருந்தன. முதுகில் பாதிக்கு இறகே இல்லை. இருந்தும் குளிரவில்லையே, பிறகென்ன என்று அன்றைக்கே கொண்டுவந்து கூட்டில் விட்டோம். சாயங்காலம் மழை பிடித்தது. காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்தவை உயிரோடு இருந்தன, அடியில் இருந்தவை நசுங்கிச் செத்திருந்தன.

நீ அழவில்லை. நேரே கடைக்குப் போய்ப் பெட்டி இருந்த இடத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தாய். அந்தப் பக்கம் ரொட்டி சுடும் கல். உன் கடை வேலையாள் விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிடுவான்.

"சுவரு சுடுது, புள்ள" என்றாய்.

பல்பை அணைத்தோம், சுவரை மறந்துவிட்டோம். ரொட்டிக் கடைக்காரி தவிர யாருக்கு இப்படி ஒரு தவறு வரும்? அதற்குப் பிறகு மாற்றும் நேரம் நெருங்கினால் பெட்டியைப் பின்வாசலில், காற்று வரும் இடத்துக்கு இழுத்துப் போட்டுத்தான் பல்பை அணைப்பாய். ஒட்டிக்கொண்டு கிடந்தால் இன்னும் இல்லை. பரவிக் கிடந்து, முதுகும் மூடியிருந்தால் சரி. அதற்கப்புறம் குளிருக்கு நாம் ஒன்றைக்கூடப் பறிகொடுத்ததில்லை.

நேற்று மத்தியானம் உன் வீட்டுக்காரர் வந்தார். கடையைக் கைமாற்றியாகிவிட்டது. மெர்கோங்கில் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். அது வரிசை வீடு, கோழிக்கு வழியில்லை.

"நாளைக்கு மவன் கார் கொண்டாந்துருவான், தங்கச்சி" என்றார். "குஞ்சுங்க கூட்டுல ஓடுறத ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன். அவ கேட்டா சொல்லணும்ல."

இப்படிக் கேட்கிற மனிதரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? வானத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாகச் சாயங்காலம் தவறாமல் மழை. அப்போதே கூட்டைத் திறந்துவிட்டிருப்பேன், உன் முகம் குறுக்கே வந்தது. கடைசியாக உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, குரலே எழும்பாத நிலையில், "நா இல்லேன்னு அவசரப்பட்டுறாத" என்று என் கையைக் கிள்ளினாயே. காலையில் பார்த்துச் சொல்கிறேன் அண்ணே என்று அவரை அனுப்பினேன்.

விடியும் முன் பெட்டியைப் பின்வாசலுக்கு இழுத்து, பல்பை அணைத்துவிட்டு ஜெபமாலை எடுத்தேன். உன் தொழுகையைவிட என் ஜெபமாலை நீளம் என்று நீ அலுத்துக்கொள்வாய். முடித்து வந்து மூடியைத் தூக்கினால், அத்தனையும் கறுத்த பக்கத்தை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அந்தப் பக்கம் சூடு வரும் என்று யார் சொன்னார்களோ. உடனே பல்பைப் போட்டேன். வாசம் எழுந்தது அப்போதுதான்.

அவர் வந்ததும் ஒரு குஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தேன். கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"வெறுந்தோலா இருக்கே."

"ஆமாண்ணே. இன்னும் இல்ல."

"அவ மாதிரியே சொல்றியேம்மா" என்றார். நான் அசையவில்லை. வருத்தப்பட்டால் படட்டும், கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். குஞ்சை மார்போடு அணைத்தபடியே அவர் மறுகையால் போனை எடுத்தார்.

"கார் கொண்டாராதப்பா. இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். உங்கம்மா குஞ்சுக்கு இன்னும் முதுகு மூடல." அந்தப் பக்கம் மகன் ஏதோ நெடுநேரம் பேசினான். "எப்பன்னு எனக்கு எப்படிடா தெரியும்? தங்கச்சி சொல்லும்" என்று வைத்துவிட்டார்.

அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை குஞ்சைக் கீழே விடவில்லை.

"அனுப்பு" என்பதும் "இன்னும் இல்லை" என்பதும் இனி நான் ஒருத்தியே சொல்ல வேண்டியவை. முதலாவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. இரண்டாவது நீ விட்டுப்போனது, அதை இன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். நாளையும் விடியும் முன் பல்பை அணைப்பேன், அதற்கு மறுநாளும் அணைப்பேன். அவை காலை நீட்டிப் பரவிப் படுக்கும்வரை யார் வந்து நின்றாலும் கூட்டைத் திறக்கமாட்டேன். திறக்கிற அன்றைக்குப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கறுத்த பக்கத்தை அவர் பிடிக்கட்டும்.