வள்ளித்தாய் வீட்டுக்குக் கலெக்டர் வருகிறார்

செங்கோட்டை,
ஆனி மாதம், சாரல் விடாத வெள்ளிக்கிழமை.

என் அக்காள் மகள் ஆனந்தவள்ளிக்கு, தாய்மாமன் இசக்கிமணி ஆசீர்வாதம் செய்து கோபத்தோடு எழுதுவது. இங்கே யாரும் சுகமில்லை. நீ அங்கே சுகம் என்று எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை.

போனை அணைத்துப் போட்டுவிட்டாய். கடன்காரர்கள் தொல்லை, சரி. மாமனுமா கடன்காரன்? உன் சிநேகிதி தங்கபுஷ்பத்தை ஒரு பார்வை பார்த்தேன். நடுங்கிப்போய் இந்த ஓசூர் ஹாஸ்டல் விலாசத்தைக் கொடுத்தாள். கூடவே காபியும் கொடுத்தாள்.

போனை அணைப்பதற்கு முன் கடைசியாக என்னிடம் ஒன்று கேட்டாயே, 'நான் இல்லாமப் போயிட்டா இன்சூரன்ஸ்ல கடன் தள்ளுபடி ஆயிருமா மாமா' என்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏட்டி, யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய்? செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரைக்கும் எவன் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் நான். இதற்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

கடனைத் தின்றவன் உன் புருஷன் புவனேஷ். செல்போன் கடை வைக்கிறேன் என்று மகளிர் குழுவிலும் பைனான்சிலும் உன் பேரில் வாங்க வைத்தான். உன் நகையைத் தன் பேரில் அடகு வைத்தான். கடையைப் பூட்டிவிட்டுப் புனலூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். நான் தேங்காய் லோடோடு போனபோது கடைத்தெருவில் வைத்து அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். கால் தரையில் படவில்லை. சுற்றி நின்ற மலையாளத்துக்காரர்கள் 'சேட்டா, விட்டேக்கு' என்று கையெடுத்துக் கும்பிட்டதால் இறக்கிவிட்டேன். அவன் வேளாவேளைக்கு மத்திமீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். நீ ஏன் இல்லாமல் போக வேண்டும்?

இனி உன் அம்மா வள்ளித்தாய் செய்த கூத்தைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். 'ஏலே மணி, கலெக்டரு நம்ம வீட்டுக்கு வாராராம்லே! ஆனந்தி எங்கன்னு கேட்டு ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. இந்தப் பிள்ளை அப்படி என்னலே செஞ்சிட்டா?' என்கிறாள். நான் குத்துக்கல்வலசையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வாசல் தெளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கலெக்டர் நின்றுகொண்டா பேசுவார் என்று என்னையே கேட்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு அறியாப் பெண்ணைத் தேடி மாவட்ட ஆட்சியரே வருவதா? மறுநாள் மனு நாள். தென்காசி ஆபீசுக்குள் நான் நுழைந்த வேகத்தில் வாசல் போலீஸ்காரரே சல்யூட் அடித்துவிட்டார். 'எங்க அக்கா வீட்டுக்கு வாறதுக்கு முன்னாடி கலெக்டர் எங்கிட்ட பேசட்டும்' என்று ஒரு சத்தம் போட்டேன். ஆயிரம் பேர் கூட்டம், மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

மனு எழுதிக் கொடுக்கிற பெண் மட்டும் என்னை உட்கார வைத்து, போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. 'அண்ணாச்சி, அது கலெக்டர் இல்ல, கலெக்‌ஷன். கடன் வசூல் பண்ணுதவன். அவனுக்கா உங்க அக்கா பட்டுச்சேலை கட்டிட்டு இருக்காவ?' என்றாள். எனக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் அதிகாரி வாயால் வரட்டும் என்று இருந்தேன். அவள்தான் கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு வழி சொன்னாள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்களாம். காசு கிடையாது.

அங்கே ஜோதிலட்சுமி என்று ஒரு வக்கீலம்மா. நான் வழக்கைச் சொன்ன விதத்தைப் பார்த்து, நீங்கள் சட்டம் படித்திருக்க வேண்டியவர் என்றாள். ஏழாம் வகுப்பிலேயே வாத்தியார் சொன்னதுதான். அவள் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொள். உன் அம்மா எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அவளை மிரட்ட எவனுக்கும் உரிமை இல்லை. புவனேஷ் உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனுக்கெல்லாம் அவனும் பொறுப்பு. உன் நகை உன் சொத்து, கேட்டு வழக்குப் போடலாம். மிச்சக் கடனுக்குத் தவணையைக் குறைக்கச் சொல்லி உட்கார்ந்து பேசலாம். எல்லாம் ஒரே நாளில் தீராது, ஆனால் வழி இருக்கிறது என்றாள். அதற்கு நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

வாழாவெட்டி என்று ஊர் பேசுமே, எந்த முகத்தோடு வருவேன் என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாயாமே. எந்த ஊர்? உனக்கு ஒரு வேளை சோறு போட்டதா அது? மடச்சி! இப்போது குற்றாலம் சீசன். ஐந்தருவியில் கொட்டுகிற தண்ணீருக்கு, மறந்துபோன சொந்தமெல்லாம் துண்டோடு வந்து இறங்குகிறது. ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நீயும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தலையோடு கோர்ட்டுக்கு வா. கண் சிவந்திருந்தாலும் அருவித் தண்ணீர் அடித்தது என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான். வக்கீலம்மா புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். செவ்வாய் ராத்திரி பஸ் ஏறு. விடிகிறபோது தென்காசி பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். அன்றைக்கு வராவிட்டால் மறுநாளும் நிற்பேன்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். அடித்தால் போதும்.

உனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்தவன் நான். சடங்குக்கு முதல் சீர் என்னுடையது. கல்யாணத்துக்கு முதல் மாலையும் என்னுடையது. எதிலும் மாமனுக்குத்தான் முதல் உரிமை. முந்திப் போகிற உரிமையும் எனக்குத்தான். அதில் நீ கை வைக்காதே, தாயி.

இப்படிக்கு,
உன் மாமன்
செ. இசக்கிமணி