மூன்றில் இரண்டு பங்கு

15 ஜனவரி 1995, ஞாயிறு

காலையிலிருந்து உறைபனி மழை. பஸ் வரவில்லை. அக்கா வீட்டிலிருந்து அத்தான்தான் காரில் கொண்டுபோய்த் தமிழ் றேடியோவில் இறக்கிவிட்டார். கனடாவுக்கு வந்ததிலிருந்து கிழமை முழுக்க மார்க்கம் தொழிற்சாலையில் கம்பியூட்டர் பலகை பொருத்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் றேடியோவில் கொழும்புச் செய்தி வாசிப்பது.

இன்று வாசித்தது: சண்டை நிறுத்தம் ஒரு கிழமையாக நிலைத்திருக்கிறது. அரசாங்கக் குழு பேச்சுவார்த்தைக்கு மறுபடி யாழ்ப்பாணம் போயிருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் ஜனாதிபதி எதைத் தூக்கிக் கொடுக்கப்போகிறார் என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்கிறார்கள்.

நிகழ்ச்சியை நடத்துகிற அன்ரனெற் சொன்னா: "மலர், உங்கட குரல்ல ஒரு பதட்டமும் இல்லை. செய்திக்கு அதுதான் வேணும்."

பதட்டம் எங்கே போனது என்று எனக்கும் தெரியாது.

12 பெப்ரவரி, ஞாயிறு

என் கணவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். விசா கிடைத்துவிட்டது! பாஸ்போட்டில் குத்தியாச்சாம். டிசம்பர் முடிவதற்குள் கனடாவில் வந்து இறங்கவேண்டும். நான் அழுவேன் என்று நினைத்து அக்கா பக்கத்தில் வந்து நின்றா. அழுகை வரவில்லை.

"அப்ப எப்ப வாறியள்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "மலர், நான் திரும்பி யாழ்ப்பாணம் போறன். சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்க வெளிநாட்டுக்காரர் வரப்போகினம். மூண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள் அங்க குறைவு. என்னைக் கேட்டிருக்கினம்."

கொழும்பில் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் படித்த சிங்களம். கலவரத்தில் அடித்துத் துரத்தியபோதும் அந்தப் பாஷையை அவர் விடவில்லை.

"முதல்ல இஞ்ச வாங்கோ. பிறகு யோசிப்பம்."

"இந்த முறை சரிவரும் போல கிடக்கு. ரெண்டு பக்கமும் ஒரு மேசையில இருக்கினம். ஒருத்தன் சொல்லுறதை மற்றவனுக்குச் சரியாச் சொல்ல ஒரு ஆள் வேணாமே?"

கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. ஓகஸ்டில் வாறன் என்றார். சரிவந்தால் நீயே இங்கு வரலாம் என்றார். கனடாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

19 மார்ச்

செய்தியில் கண்காணிப்பாளர்களைப் பற்றி ஒன்றுமில்லை. ஜனாதிபதி நாட்டைக் காட்டிக்கொடுக்கிறார் என்று கொழும்பில் பேச்சு. இவரிடமிருந்தும் ஒன்றுமில்லை.

20 ஏப்ரல், வியாழன்

திருகோணமலையில் நேற்று இயக்கம் இரண்டு கடற்படைக் கப்பல்களைக் கடலில் தாட்டுவிட்டது. பேச்சுவார்த்தை முடிந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக்குள்ளே.

23 ஏப்ரல், ஞாயிறு

றேடியோவிலிருந்து வர வீடு நிறையச் சத்தம். மேல் மாடித் தியாகலிங்கம் அண்ணை வந்திருந்தார். அத்தானும் அவரும் ஊரில் ஒரே பள்ளிக்கூடம். வருடம் பிறந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் இதே வாக்குவாதம்தான்.

அத்தான்: "ஜனாதிபதி குடுக்கத்தான் இருந்தவ. எதிர்க்கட்சிதான் ஒவ்வொரு நாளும் காலை வாரினது. மனுசி என்ன செய்யிறது?"

தியாகலிங்கம் அண்ணை: "சிவபாதம், உனக்கு விசரே? இவை குடுப்பினம் எண்டா அவை குழப்புவினம். நாளைக்கு அவை வந்தா இவை குழப்புவினம். அம்பது வருசமா உதுதானே நடக்குது?"

"அப்ப எங்கட ஆக்கள் கப்பலைத் தாட்டது சரியோ?"

"நான் சரியெண்டு சொன்னனே?"

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டேன்: "இவர் எந்தப் பக்கம், அத்தான்?"

"ஆர்?"

"அருள்நாயகம். என்ர மனுசன். மொழிபெயர்க்கப் போனவர். உங்கட கணக்கில அவர் எந்தக் கட்சி?"

தியாகலிங்கம் அண்ணை எழும்பி, "பிள்ளை, குறை நினையாதை" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் ரீவியைப் போட்டார். ஐஸ் ஹொக்கி.

எனக்குக் கோபம்கூட இல்லை. கோபம் வந்தால் நல்லாயிருக்கும்.

11 ஜூலை

நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்து சனம் செத்துப்போச்சு. ஊரில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். தொழிற்சாலை லைனில் நின்று பலகை பொருத்தினேன். ஒன்றுகூடப் பிழையாகப் போகவில்லை. சுப்பவைசர் என்னைக் கெட்டிக்காரி என்றா.

6 ஓகஸ்ட், ஞாயிறு

தீர்வுத் திட்டம் வெளிவந்துவிட்டது. எங்கள் பகுதிக்குச் சபை, அதிகாரம், காணி. வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் அரசியல் சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேணும். ஜனாதிபதியிடம் அது இல்லை. மிச்சம் எதிர்க்கட்சியிடம் இருக்கிறது. அவர்கள் தருவதாகவும் இல்லை, தரமாட்டோம் என்று சொல்வதாகவும் இல்லை. யோசிக்கிறார்களாம்.

ஒரு பக்கம் திட்டம், மறு பக்கம் ஷெல். இரண்டும் ஒரே அரசாங்கம்.

வாசித்து முடிய அன்ரனெற் கேட்டா: "உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்டும் தோணேல்லை" என்றேன். பொய் இல்லை.

இது ஓகஸ்ட். அவர் வாறன் என்ற மாதம்.

31 ஒக்டோபர், செவ்வாய்

நேற்றிரவு கியூபெக் வாக்கெடுப்பு. கொஞ்ச வாக்குகளால் கனடா பிரியாமல் தப்பிவிட்டது. சுப்பவைசர் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தா. கூட வேலை செய்கிற கிளடிஸ் என்னைக் கட்டிப்பிடித்தா. நான் ஒரு டோனட்டைச் சாப்பிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்கு வர அத்தான் வாசலில் நின்றார். ராணுவம் கிட்ட வர யாழ்ப்பாணம் முழுக்க வீட்டை விட்டு எழும்பிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகச் சனம் முழுக்க மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலத்தில். நகரத்தில் ஒரு குருவி இல்லையாம்.

"அவர் கெட்டிக்காரன், தப்பியிருப்பார்" என்றார் அத்தான்.

ஓம் என்றேன். இரண்டு நாடும் ஒரே நாளில். இங்கே வாக்குப் போட்டார்கள். அங்கே நடந்தார்கள்.

5 நவம்பர், ஞாயிறு

வாசித்தேன். "இலட்சக்கணக்கான மக்கள்" என்ற இடத்தில் அன்ரனெற் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டினா, விருப்பமில்லாட்டி நிப்பாட்டுங்கோ என்று. நான் நிப்பாட்டவில்லை. பிறகு வானிலையும் வாசித்தேன்.

3 டிசம்பர்

யாழ்ப்பாண நகரம் ராணுவத்தின் கையில். கொழும்பில் சந்தோசம். அந்த ஒரு விசயத்தில் அரசாங்கத்துக்கும் எதிர்க்கட்சிக்கும் பிரச்சினை இல்லை.

31 டிசம்பர்

விசா முடிந்தது.

21 ஜனவரி 1996, ஞாயிறு

எப்பிடி எழுதுறதெண்டு தெரியேல்லை. எழுதிவைக்கிறன்.

றேடியோவுக்குப் போகக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிக்கேக்க போன் அடிச்சது. அக்கா எடுத்தா. எடுத்தவ கதைக்காமல் அப்பிடியே என்ர கையில தந்தா.

"மலர், நான்தான்."

ஒரு கிழவன்ர குரல். ஆரோ விளையாடுகினமோ எண்டு நினைச்சன். "நான்தானப்பா" எண்டார் திரும்பி.

வவுனியாவில நிக்கிறாராம். கிளாலிக் கடல் தாண்டி, கிளிநொச்சியில மரத்துக்குக் கீழ கிடந்து, மலேரியா வந்து, இப்ப அகதிக் காம்பில. ராணுவத்தின்ர பாஸ் கிடைச்சாக் கொழும்புக்குப் போகலாமாம். அந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு நாள்கூட ஒருத்தரும் கூப்பிடேல்லையாம். அதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். பிறகு இருமினார்.

என்ர வாயில செய்திதான் வந்தது. தீர்வுத் திட்டத்தைச் சட்டமா எழுதி வெளியிட்டிருக்கினம், பாராளுமன்றத் தெரிவுக்குழுவில வச்சுக் கதைப்பினம், எதிர்க்கட்சி இன்னும் முடிவு சொல்லேல்லை... ஞாயிற்றுக்கிழமைக் குரலில முழுக்க ஒப்பிச்சன். அவர் குறுக்க விழாமல் கேட்டார்.

முடிய, "அங்க குளிருக்கு என்னப்பா போடுறனீங்கள்?" எண்டார்.

நான் கதிரையில இருந்திட்டன்.

"விசா முடிஞ்சுபோச்சு. மெடிக்கல் எல்லாம் திரும்பிச் செய்யவேணும்."

"செய்வம். எல்லாம் செய்வம். நான் வாறன், மலர்."

காசு முடிஞ்சு லைன் நிண்டுபோச்சு.

அன்ரனெற்றுக்குப் போன் பண்ணி, இண்டைக்கு நான் செய்தி வாசிக்க வரேல்லை எண்டன். சுகமில்லையோ எண்டு கேட்டா. இல்லை, கடைக்குப் போகவேணும் எண்டன். அவ ஒண்டும் விளங்காமல், சரி எண்டா.

அத்தான் மோலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிர்கால ஜக்கெற் எல்லாம் மலிவு விற்பனை. கடைக்காரப் பிள்ளை, ஆளின்ர சைஸ் என்ன எண்டு கேட்டாள். உயரமானவர், தோள் அகலம் எண்டன். நீலத்தில ஒரு லார்ஜ் எடுத்துத் தந்தாள். வாங்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்தன். கதவைத் திறந்தாப் பிறகு மலேரியா எண்டதும் அந்த இருமலும் ஞாபகம் வந்தது.

திரும்பிப் போய்ச் சின்ன சைஸா மாத்திக்கொண்டு வந்தன்.