காலைப் பந்தி

குரங்கணி மேல் எஸ்டேட்,
14.8.1979

அன்புள்ள பொன்னுமணிக்கு,

நீ நலம் என்றே நம்பி எழுதுகிறேன். எனக்கு மூட்டுவலி தவிரக் குறையில்லை.

இங்கே ஏலக்காய் பறிக்கும் ஜக்கம்மாள் போன வாரம் மயங்கி விழுந்தாள். பயப்படாதே, தேறிவிட்டாள். நாள்பட்ட வயிற்று வலியும் பேதியும் உண்டு, சோதனையில் ஒன்றுமில்லை.

"சாப்பிட்டாயா?" என்றேன்.

"தின்னா ஒடனே ஓடணும்யா. வெட்டவெளியில ஆம்பளைக முன்னால எங்கிட்டுப் போறது? அதான் வெறும் வயித்தோட வர்றேன்."

"வலி பொய்யில்லை, கம்பவுண்டரே. அவள் குடல் அப்படி" என்றார் டாக்டர். அவள் என்ன சாப்பிடுகிறாள், எப்போது வலிக்கிறது என்று தினமும் நோட்டில் எழுதுகிறேன். கங்காணியிடம் கெஞ்சி, காய் உலர்த்தும் கொட்டகையில், கக்கூசுக்குப் பக்கத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தேன்.

பொன்னு, நம் மகள் கல்யாணத்தன்று காலைப் பந்தியில் உட்கார மாட்டேன் என்றாய். வீம்பு என்று நினைத்து, சம்பந்தி முன்னால் அதட்டிச் சாப்பிட வைத்தேன். தாலி கட்டும்போது நீ மேடையில் இல்லை. அதற்கும் திட்டினேன். எங்கே போயிருந்தாய் என்று இன்றுவரை கேட்கவில்லை.

உனக்கு இப்போதும் வயிறு வலிக்கிறதா?

கடிதம் கொண்டுவரும் ஜீப்பு கிளம்புகிறது. என் பழைய கம்பளியை டிரைவரிடம் கொடுத்தனுப்பு. எழுத மனமில்லையென்றால் கம்பளி மடிப்புக்குள் வெற்றுத் தபால் அட்டை ஒன்றை வை. நீ படித்தாய் என்று தெரிந்துகொள்வேன்.

உன்,
சின்னச்சாமி