வலம் இடம் பார்த்து ஆடிய பாட்டு

ஜூஜுவாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கணவருக்கு, மோகனப்ரியா எழுதுவது.

நானும் பாப்பாவும் நலம். சாமல்பட்டியில் மாமா, அத்தை நலமா? மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு எடுத்திருக்கிறீர்கள். அவரை அதிகம் வெளியே நடமாட விட வேண்டாம். போனில் பேசப் பயமாக இருப்பதால் ஊருக்கு வரும் ஆஞ்சப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் பாடிய வீடியோ ஓசூர் முழுக்க ஓடுகிறது. ஷேர் ஆட்டோவிலும் "பத்து வருசமா தற்காலிகம்"தான். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் மாற்றிப் பாடுகிறார்கள். அங்கேயும் அதே நிலை போலிருக்கிறது. வீடியோவில் நீங்கள் நான்கு பேரும் முகத்தில் துணி கட்டியிருந்தீர்கள். கம்பெனி பெயரும் எங்கும் வரவில்லை. ஆனால் லாரிகள் ஓடும் ரோட்டை நீங்கள் கடக்கும் இடத்தில், ஆட்டத்தை நிறுத்தி, நால்வரும் விரல் நீட்டி வலப்பக்கம் காட்டி, இடப்பக்கம் காட்டி, அதன்பிறகுதான் ஆடிக்கொண்டே போகிறீர்கள். பிளான்டுக்குள் மஞ்சள் கோட்டைத் தாண்ட நமக்குப் பழக்கிய முறை. இந்த ஊரில் அப்படி ரோடு கடப்பவர்கள் நம் கம்பெனிக்காரர்கள் மட்டுமே. எதிர்ப்பிலும் பாதுகாப்பு விதியை நீங்கள் மீறவில்லை.

ஹெச்.ஆர். மேடம் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் சந்தேகம். "யாருப்பா அந்த டேலன்ட்? நம்ம ஃபேமிலி ஆளு, தைரியமா வெளிய வாங்க, சால்வை போடறோம்" என்று மைக்கில் சொன்னார். அதே மெட்டில் கம்பெனியும் ஒரு வீடியோ எடுக்கிறது. ட்ரோன் பறக்கிறது. மேனேஜர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு ஆடுகிறார்கள். உங்கள் வரி "பத்து வருசமா ஒரே குடும்பம்" ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் பின்னால் நின்று கை தட்ட வேண்டும். குடும்பம் என்பதால் ஓவர்டைம் கிடையாது.

என் லைனில் வேலை செய்யும் முனிலட்சுமி அக்கா அன்றைக்கே சொன்னார், "சால்வை போத்தறவன் கழுத்து அளவு பாக்கறான் புள்ள" என்று. பெயின்ட் ஷாப் தமிழரசன் கேட்கவில்லை. பாடாதவன், சால்வைக்கு ஆசைப்பட்டு, பாடியது தான்தான் என்று போய் நின்றான். சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அவன் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. கான்ட்ராக்டரைக் கேட்டால், "சிஸ்டம் ப்ராப்ளம்பா" என்கிறாராம்.

இதைப் படித்ததும் உண்மையைச் சொல்லக் கிளம்பிவிடுவீர்கள். நீங்கள் நேர்மையானவர் என்றுதான் எங்கள் வீட்டில் பெண் கொடுத்தார்கள். தயவுசெய்து வராதீர்கள். நீங்கள் சொன்னாலும் அவனுக்கு கேட் திறக்காது. உங்களுக்கும் சேர்த்து மூடும். அவன் வீட்டுக்கு நான் போய் வருகிறேன்.

பாட்டின் நடுவில் வரும் பெண் குரல் யாருடையது என்று இப்போது தேடுகிறார்கள். நேற்று மேடம் என்னைக் கூப்பிட்டு, ஆயுத பூஜைக்கு ஒரு சாமி பாட்டு பாடிக் காட்டச் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினேன். மிளகுப் பால் வரவழைத்துக் கொடுத்து, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பாப்பா தாலாட்டு கேட்டு அழுகிறாள். அடுத்த போர்ஷனில் லைன் லீடர் குடியிருப்பதால், வாய் திறக்காமல் முதுகைத் தட்டித் தூங்க வைக்கிறேன். மூன்று நாளாக அவள் என் வாயையே பார்க்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிக்கும்போதுகூடப் பாடாதீர்கள்.

உங்கள்,
மோகனப்ரியா