கீழே ஒன்பது பேர்

ஜூன் 3

கர்த்தருடைய கிருபையாலும் என்னுடைய யோசனைகளாலும் வளர்ந்த என் அக்கா மகளுக்கு,

மாமா எழுதுகிறேன். எனக்குச் சுகம். நீயும் சுகம்தான், நேற்று ஆலயத்தில் தூரத்திலிருந்து பார்த்தேனே. பாட்டுக்குழுவில் நிற்கவேண்டியவள், சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு நின்றாய். முதியோர் இல்லத்திலிருந்து ஒன்பது பேர்! ஒருத்தர் ஜெபத்துக்கு நடுவில் "பஸ் எப்ப வரும்?" என்கிறார். இன்னொருத்தர் பிரசங்கம் முடியும்வரை குறட்டை. (அதற்கு அவரைக் குறை சொல்லமாட்டேன். நம் போதகர் பேசினால் நானே கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவன்.) அந்தத் தரைக்கு என் சொந்தக் கையால் மெழுகு போட்டிருந்தேன். பேராயர் வந்தபோது அதைப் பார்த்துத்தான் தலை சீவிக்கொண்டார். இப்போது முழுக்கச் சக்கரத் தடம்.

அக்கா போனதிலிருந்து நீ சரியில்லை. வாரத்தில் ஆறு நாள் அவர்களைக் கழுவித் துடைக்கிறாய், எட்டு மாதமாக ஏழாம் நாளும் ஆலயத்துக்கு இழுத்துக்கொண்டு வருகிறாய். கேட்டால் மேசியாவுக்குத் தொண்டு என்கிறாயாம். மூத்திரப்பை மாற்றுவது தொண்டு என்றால், என் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன் அப்போஸ்தலன்! தொண்டுக்குப் பதவி வேண்டும், மைக் வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும். ஞாயிறு பள்ளிச் செயலாளர் பதவியை உனக்காகப் பேசி வைத்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன்தான்; அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. என் பேச்சைக் கேள்.

உன் மாமா, நம் சபையின்
மூத்த மூப்பர்

ஜூன் 9

மாமாவுக்கு,

பதவிக்கு நன்றி. வேண்டாம்.

ஒவ்வொரு திருவிருந்தின்போதும் நீங்கள் என்னிடம், "நீ மேல போம்மா, இவங்களுக்கு நான் குடுத்துக்கறேன்" என்பீர்கள். நானும் நம்பிப் படியேறிப் பலிபீடத்துக்குப் போய்விடுவேன். இன்று அந்த ஒன்பது பேரில் பிளம்பர் தாத்தா என் கையை விடவில்லை. அதனால் கீழேயே இருந்துவிட்டேன். ஒன்பது துண்டு அப்பம், ஒன்பது சின்னக் கிண்ணம், எல்லாம் உங்கள் தட்டில் இருந்தன. நீங்கள் தூணுக்குப் பக்கத்தில் நின்று காது குடைந்துகொண்டிருந்தீர்கள். போதகர் மேலிருந்து, "கீழ எல்லாருக்கும் ஆச்சா?" என்று கேட்டார். தலையாட்டினீர்கள். தட்டு அப்படியே உள்ளே போனது.

எட்டு மாதமாகவா மாமா?

அம்மா போனபிறகு எனக்கு ஜெபம் வருவதில்லை. முழங்காலில் நின்றால் கால்தான் வலிக்கிறது. விசுவாசம் இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஒன்பது பேருக்குச் சோறு ஊட்டும்போது மட்டும், யாருக்குச் செய்கிறேன் என்று தெரிகிறது. எனக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அதன்மீதுதான் நீங்கள் காது குடைந்துகொண்டு நின்றீர்கள்.

இனி அவர்களை அழைத்து வரமாட்டேன். நானும் வரமாட்டேன். சபைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிப் போதகருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகள்

ஜூன் 12

கோபக்காரிக்கு,

என்ன எழுத்து! கையில் சூடு பட்டது. உன் வயதில் நான் ஒரு பிரசங்கியாரையே விவாதத்தில் தோற்கடித்து அழவைத்தவன். ஆனாலும் பெரியவர்களுக்கு இப்படி எழுதியதில்லை.

சரி, கொடுக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். கொடுத்தால் என்ன ஆகும்? பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் அதை டிக்கெட் என்று பையில் போட்டுக்கொள்வார். உன் பிளம்பருக்குப் பாதி வாய் இழுத்துக்கொண்டது. திராட்சை ரசம் வழிந்தால் நான் மெழுகு போட்ட தரை என்ன ஆவது? என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாதவர்களுக்குத் திருவிருந்து கொடுப்பது பரிசுத்தத்துக்குத்தான் அவமரியாதை. இதை வேத பண்டிதர்கள் ஒத்துக்கொள்வார்கள். எந்தப் பண்டிதர் என்று கேட்காதே.

சும்மா முறைத்துக்கொண்டிருக்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்.

மாமா,
மூத்த மூப்பர்

ஜூன் 24

மருமகளே,

பதில் இல்லை. இரண்டு ஞாயிறு நீயும் இல்லை, அவர்களும் இல்லை. தரை பளபளவென்று இருந்தது. முதல் வாரம் போதகர் விசாரித்தார். "எல்லாருக்கும் காய்ச்சல்" என்றேன். இரண்டாம் வாரமும் கேட்டார். "அதே காய்ச்சலா?" என்றார். அந்த மனுஷனுக்குப் புத்தி இவ்வளவு வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. பொய்யை மேலே இழுக்க முடியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இருபது வருடத்தில் முதல்முறையாக என்னை உட்காரச் சொல்லவில்லை. "தட்டை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க" என்றார், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் இல்லத்துக்குப் போனோம். உனக்கு நேற்று விடுமுறையாம். நான் தட்டை ஏந்தி உள்ளே நுழைந்ததும் இருபது கட்டிலிலும் ஆட்கள் எழுந்து உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள். இருபது இல்லை, ஒன்பது. யாரும் அழவுமில்லை. ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏசி ரிப்பேர் பண்ண வந்தியா?" என்று கேட்டாள்.

பஸ்காரர் அப்பத்தைப் பையில் போடவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. தெரியாதவர் என்று நான் எழுதியிருந்தேனே.

எட்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். உன் பிளம்பர் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னேன், போதகர் சொன்னார். நான் சத்தமாகச் சொன்னேன். அங்கே வேலை செய்கிற குண்டுப் பெண், "கத்தாதீங்க சார், அவருக்குக் காது நல்லாக் கேக்கும். உங்க மருமக குடுத்தாத்தான் திறப்பார்" என்றாள். என்னை! தெருவே நடுங்குகிற என் குரலை!

ஒரு துண்டு அப்பம் தட்டில் மிச்சம். அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, எட்டு மாதமாகத் தூக்காத கனம் அது. ஒன்பதையும் சேர்த்துக்கூட அவ்வளவு கனத்ததில்லை.

உன் வேலை பெரிய வேலை என்று ஒத்துக்கொண்டதாக நினைக்காதே. அந்த அறை நாறுகிறது. நீங்கள் எல்லாம் என்ன சோப்பு போடுகிறீர்கள் என்றே தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எழுது. அவர் வாயைத் திறக்க நீ என்ன சொல்வாய்? எந்த ஜெபம்? எழுதி அனுப்பினால் மனப்பாடம் செய்துகொள்வேன். என் ஞாபகசக்தி ஊரறிந்தது.

மாமா,
மூத்த மூப்பர் (பதவியை இன்னும் எடுக்கவில்லை)

ஜூன் 27

மாமாவுக்கு,

ஜெபம் எதுவும் இல்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் அரை மணி. அவராகத் திறப்பார்.

போதகரிடம் பேசிவிட்டேன். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அவர் இல்லத்துக்கு வருகிறார். தட்டை நீங்கள்தான் பிடிக்கவேண்டும். பெயரை எடுக்கச் சொல்லி அவருக்கு எழுதிய கடிதம் என் பையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்க்கலாம்.

மனப்பாடம் எல்லாம் வேண்டாம். அரை மணி நேரம் பேசாமல் இருக்க உங்களால் முடியுமா? இன்றிலிருந்தே பழகுங்கள்.

உங்கள் அக்கா மகள்