முன்னால் வந்த வரி

மார்ச் 3, செவ்வாய்

விசைப்பலகையின் மேல் பொருத்தும் துளைத் தகடு புதிதாக வந்திருக்கிறது. பழையதில் ஓரம் தேய்ந்து, விரல் பக்கத்து எழுத்துக்குச் சறுக்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்னக் கிணறு. கை எவ்வளவு ஆடினாலும் விரல் உள்ளே இறங்கிவிட்டால் வேறெங்கும் போகாது.

தொடர் நாடகங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது என் வேலை. சொந்தப் பேச்சு பாதி பேருக்குப் புரியாத ஒருத்தி, ஊரார் பேச்சையெல்லாம் எழுத்தாக்கித் திரையில் ஓடவிடுகிறாள். பேசுபவர் வாயைத் திறக்கும் முன் வரி வரக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அதைச் சரிபார்ப்பவள் பக்கத்து நாற்காலிக்காரி. கழுத்தைவிட்டு ஹெட்போன் இறங்கியதே இல்லை என்பதால் மனதுக்குள் அவளுக்கு அதையே பெயராக வைத்திருக்கிறேன்.

தேநீர் வேளையில் எல்லோரும் மாடிக்குப் போனார்கள். வழக்கம்போல் எனக்கு மேசைக்கே வந்தது. அரை டம்ளர். சிந்தாமல் இருக்க.

மார்ச் 5, வியாழன்

வரும் ஞாயிறன்று, நாங்கள் சப்டைட்டில் எழுதிய தொடரின் கடைசிப் பகுதி. எல்லோரும் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஹெட்போன் மேசை மேசையாகப் போய்ச் சொன்னாள். "நாம எழுதினத நாமளே ஒண்ணா உக்காந்து பாக்கலாம்."

என்னிடம் கடைசியாக வந்தாள். நான் தொடங்கினேன். "ஞாயித்துக்கிழமை... எனக்கு..." தொண்டை இறுகிக்கொண்டது. அவசரப்பட்டால் எனக்கு எல்லாமே இறுகும்.

"வேலை இருக்கா? பரவால்லங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? ஒரு வாக்கியத்தைத் திரும்பத் தொடங்குவது, இறங்கிய படிகளை மறுபடி ஏறுவது போல. தலையாட்டுவதற்கு ஒரு சிரமமும் இல்லை. என் தலைதான் சொல்லாமலே ஆடுமே.

மார்ச் 6

அம்மா இன்று என் வாக்கியங்களில் இரண்டை முடித்து வைத்தாள். ஒன்று சரி.

மார்ச் 8, ஞாயிறு

கடைசிப் பகுதியை வீட்டில் பார்த்தேன். கதாநாயகி ரயிலில் ஏறும்போது சொல்வதை நான் மூன்று முறை மாற்றி எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரிடமாவது சொல்ல. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லவேளை நீ போகல. அலைச்சல் மிச்சம்" என்றாள்.

மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து எதற்கு வைத்திருக்கிறோம், அம்மா?

மார்ச் 9, திங்கள்

நேற்று ஹெட்போன் வீட்டில் எடுத்த படங்கள் போனுக்கு வந்தன. தரையெல்லாம் ஆட்கள், ஒருவர் மடியில் இன்னொருவர் கால். நான் ஏன் வரவில்லை என்று கணக்குப்பிரிவுப் பெண் கேட்டது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதில் விழுந்தது.

"அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுப்பா" என்றாள் ஹெட்போன்.

அவ்வளவுதான். ஒரு தலையாட்டலில் எனக்கு ஒரு குணம் வந்துவிட்டது. இனி இதுதான் நான். கூப்பிட்டாலும் வராதவள். அடுத்த முறை கேட்கக்கூட மாட்டார்கள், அதுவும் மரியாதையாக.

மருத்துவச் சீட்டில் எழுதியிருக்கும் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தேன், பழகிவிட்டது. இந்தக் குணம் எனக்கு வேண்டாம். யாருக்குப் பிடிக்காது? எனக்கா? கேட்டீங்களா என்கிட்ட?

மார்ச் 12, வியாழன்

புதிய தொடரில் ஒரு கிழவர், மகனிடம் ஏதோ சொல்ல வந்து வெகுநேரம் பேசாமல் நிற்கிறார். நான் வரியைச் சற்று முன்னால் போட்டுவிட்டேன். ஹெட்போன் திருப்பி அனுப்பினாள். "வரி முன்னாடியே வருது. அவர் இன்னும் வாயே தொறக்கல."

சிரித்தேன், தனியாக.

அவளுக்கு எழுதி அனுப்பலாம். மூன்று முறை எழுதி அழித்தேன். எழுதினால் உடனே ஒரு மன்னிப்பு வரும், நாலு பூ எமோஜியோடு. விஷயம் முடிந்துவிடும். எனக்கு வாயால் சொல்ல வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

அரை டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிய ஹெட்போனை நிறுத்தினேன். "உங்க வரி... முன்னாடியே... வருது."

தன் திரையைப் பார்த்தாள். "எந்த ஃபைல்?"

"ஞாயித்துக்கிழமை."

திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு கழுத்திலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

யாரோ காத்திருக்கும்போது பேசுவதும் கடினம்தான். இரண்டு முறை வாய் கோணி நின்றது. அவள் உதடு பிரிந்து, மூடிக்கொண்டது. எனக்கு வேலை இல்லை, வர வேண்டும் என்றுதான் இருந்தேன் என்று முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "மூணாவது மாடிங்க. லிஃப்ட் கெடையாது. நீங்க தலையாட்டினதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

குத்தியது. ஆனாலும், என்னிடம் இதுவரை யாரும் இதை மறைக்காமல் சொன்னதில்லை.

"உக்காந்து ஏறுவேன்" என்றேன். விளங்கவில்லை அவளுக்கு. விளங்கியது போலவும் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பச் சொன்னேன்.

மார்ச் 18

யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை. நான் என்ன எதிர்பார்த்தேன்?

மார்ச் 22, ஞாயிறு

புதுத் தொடரின் முதல் பகுதி. பார்க்க வரச்சொல்லி வெள்ளியன்று ஹெட்போன் கூப்பிட்டிருந்தாள். கார் ஓட்டுநர் அவள் வீட்டுக் கட்டட வாசலில் இறக்கிவிட்டார். ஹெட்போன் நான் பிடித்து நடக்கும் நடைசட்டத்தை மடித்துத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். நான் படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒரு படி. மறுபடி. இப்படி ஏறுகையில் போகும் இடம் தெரியாது, விட்டுவந்த இடம்தான் தெரியும். முதல் திருப்பத்தில் கை நடுங்கத் தொடங்கியது. மேலிருந்து இறங்கி வந்த ஒருவர் பதறி, என் அக்குளில் கை கொடுக்கக் குனிந்தார்.

"வேணாங்க, அவ ஏறிட்டிருக்கா. நீங்க இந்தப் பக்கமா வந்துடுங்க" என்றாள் ஹெட்போன். 'அவ'. நானும் ஊன்றிய கையை எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டேன்.

உள்ளே எல்லோரும் வேகமாகப் பேசினார்கள். நான் ஒன்று சொல்லத் தயாராவதற்குள் பேச்சு வேறு தெருவுக்குப் போயிருக்கும். பெரும்பாலும் சும்மா இருந்தேன். ஆட்கள் நடுவே இருப்பது வேறு வகைத் தனிமை என்று தெரிந்துகொண்டேன். யாரோ முழு டம்ளர் தேநீர் கொடுத்தார்கள். கதவு படீரென்று சாத்திக்கொண்டதும் என் உடம்பு தூக்கிப்போட்டது, தேநீர் அவ்வளவும் என் மேலும் பாயிலும். ஹெட்போன் ஒரு துணியை என் பக்கம் எறிந்துவிட்டு தொடர் பற்றி யாருடனோ விட்ட சண்டையைத் தொடர்ந்தாள். நானே துடைத்தேன்.

மார்ச் 23, திங்கள்

துவைக்க எடுத்த என் உடையை அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்கப் படிக்கட்டு அழுக்கு, முன்னால் தேநீர்க் கறை.

"இனிமே நீ இப்படியெல்லாம்..." என்று தொடங்கியவள், கறையைத் தேய்த்துப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"அடிக்கடி... போகணும்" என்று முடித்து வைத்தேன்.

அவள் சொல்ல வந்தது அதுவல்ல. என்னைப் பார்த்தாள். திரும்பத் தொடங்க வாயெடுத்தாள். பிறகு தலையாட்டினாள்.